இசட் டிரைவில் சிவப்புக் குறி வந்தால் யாரையும் திட்டாதீர்கள்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் பிள்ளைகள் கட்டாயம் படியுங்கள். மற்றவர்கள் நேரம் இருந்தால் படியுங்கள். "ரிட்டயர் ஆன டீச்சருக்கு எதுக்கு இந்த வேலை?" என்று சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். அறுபது தாண்டிய பிறகு அதற்கெல்லாம் கோபம் வருவதில்லை.

என்னிடம் படித்தவர்களில் கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஆனவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆபீஸில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவர்கள் ஏராளம். திருப்பூர் பனியன் கம்பெனி, ஈரோட்டில் ஆடிட்டர் ஆபீஸ், கூட்டுறவு சங்கம், ஆஸ்பத்திரி பில் கவுண்டர் என்று எங்கெங்கோ இருக்கிறீர்கள். போன் செய்யும்போது நலம் விசாரித்த கையோடு சிலர் சொல்லும் ஒரு புலம்பல் உண்டு. "டீச்சர், ஆபீஸ்ல இசட் டிரைவ் போயிருச்சுங்க. எல்லாரும் என்னையே பாக்கறாங்க."

அந்த "என்னையே பாக்கறாங்க" என்ற வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இசட் டிரைவ் என்றால் என்ன என்று பார்ப்போம். ஒரு ஆபீஸில் நாலு கம்ப்யூட்டர் இருக்கிறது என்று வையுங்கள். எல்லோருக்கும் பொதுவான ஃபைல்கள் ஒன்றில்தான் இருக்கும். அதை மெயின் கம்ப்யூட்டர் என்போம். பெரிய ஆபீஸில் சர்வர் என்பார்கள். அதிலுள்ள ஒரு ஃபோல்டரை மற்றவர்களும் திறக்கும்படி ஷேர் செய்திருப்பார்கள். அந்த ஃபோல்டருக்கு ஒரு விலாசம் உண்டு. இடப்பக்கம் சாய்ந்த கோடு இரண்டு, பிறகு மெயின் கம்ப்யூட்டரின் பெயர், மறுபடி ஒரு கோடு, பிறகு ஃபோல்டரின் பெயர். ஒவ்வொரு தடவையும் இதை யார் டைப் செய்வது? அதனால் அந்த விலாசத்துக்கு ஒரு எழுத்தைச் சுருக்கப் பெயராக வைத்துவிடுகிறோம். இதற்குத்தான் டிரைவ் மேப்பிங் என்று பெயர்.

ஏ, பி இரண்டும் அந்தக் கால ஃப்ளாப்பிக்கு ஒதுக்கியவை. சி என்பது உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க். மேப்பிங் செய்யப் போனால் இப்போதைய விண்டோஸ் கடைசி எழுத்திலிருந்துதான் நீட்டும். அதனால்தான் பல ஆபீஸ்களில் அது இசட் டிரைவாக இருக்கிறது.

இதில் மனதில் பதிய வேண்டியது ஒன்றுதான். சி டிரைவ் உங்கள் மேஜைக்குள் இருக்கும் இழுப்பறை மாதிரி. இசட் டிரைவ் அப்படி இல்லை. அது வெறும் விலாசம். சிவப்புப் பெருக்கல் குறி வந்தால், அந்த விலாசத்துக்கு இப்போது போக முடியவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். உள்ளே இருக்கும் பொருள் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. தெருவில் குழி வெட்டியிருந்தால் தபால்காரர் வீட்டுக்கு வர முடியாது. அதற்காக வீடு இடிந்துவிட்டது என்று யாராவது ஒப்பாரி வைப்பார்களா?

ஆனால் ஆபீஸ்களில் வைக்கிறார்கள். நான் கண்ணால் பார்த்தேன்.

பக்கத்து ஊரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் பள்ளி. பெயர் வேண்டாம். அங்கே வாரம் இரண்டு நாள் போய் வருகிறேன். பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் படித்துச் சொல்வதுதான் வேலை. அந்தக் காலத்து மையெழுத்து, கூட்டெழுத்து, "தகப்பனார் அல்லது போஷகர்" என்ற தலைப்புகள் எல்லாம் இன்றைய பிள்ளைகளுக்குப் புரிவதில்லை. அந்தப் பதிவேடுகளைச் சில வருடங்களுக்கு முன்பு ஸ்கேன் எடுத்து மெயின் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். மற்ற மூன்று கம்ப்யூட்டர்களில் அதுதான் இசட் டிரைவ்.

ஒரு திங்கட்கிழமை காலை நான் போகும்போது ஆபீஸே எழவு விழுந்த வீடு மாதிரி இருந்தது. மூன்று கம்ப்யூட்டரிலும் இசட் டிரைவில் சிவப்புக் குறி. ஆபீஸ் வேலை பார்க்கும் பெண் அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள். தற்காலிக வேலை, சொற்பச் சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் அவள் தன் கம்ப்யூட்டரில் வேண்டாத ஃபைல்களை அழித்துச் சுத்தம் செய்திருக்கிறாள். தாளாளர் கேட்ட ஒரே கேள்வி: "கடைசியா உக்காந்தது யாரு? நீதானே?"

அவளுக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. "எதையாச்சும் தெரியாம அழிச்சுட்டனாங்க டீச்சரம்மா?" என்று என்னைக் கேட்டாள். திரும்ப ஸ்கேன் எடுக்கும் செலவைச் சம்பளத்தில் பிடிப்பது வரைக்கும் பேச்சு போயிருந்தது.

இன்னொரு பக்கம் வராந்தா பெஞ்சில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். ஸ்பின்னிங் மில்லில் வேலை. 58 வயது முடிந்து பென்ஷனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். பி.எஃப். கணக்கில் ஒரு பிறந்த தேதி, ஆதாரில் ஒரு பிறந்த தேதி. அஞ்சாம் வகுப்பு வரை அந்தப் பள்ளியில் படித்தவர். வாங்கிய ரெக்கார்டு ஷீட் எப்போதோ மழையில் ஓட்டு வீடு ஒழுகியபோது போய்விட்டது. பதிவேட்டைப் பார்த்துப் புதிதாக எழுதிக் கொடுத்தால் மறுநாள் மில் ஆபீஸில் கொடுக்கலாம். அவர் சேர்ந்த வருடத்துப் பதிவேட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். செல்லரித்து, ஓரமெல்லாம் கையில் பொடிப்பொடியாக வருகிறது. அவர் பெயர் இருக்க வேண்டிய பக்கத்தில் பாதி இல்லை. ஸ்கேன் எடுத்த காலத்தில் முழுதாக இருந்த பக்கம் அது. அந்தப் படம் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

ஆக, ஒரு பெண்ணின் வேலை, இன்னொரு பெண்ணின் பென்ஷன். இரண்டும் அந்தச் சிவப்புக் குறிக்குள் மாட்டிக்கொண்டிருந்தன.

கணக்கு நோட்டுத் திருத்தும்போது நான் எப்படிச் செய்வேன் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். விடை தப்பு என்றால் கணக்கு முழுவதையும் குறுக்கே அடிக்க மாட்டேன். எந்த வரி வரைக்கும் சரி, எந்த வரியில் சறுக்கியது என்று பார்த்து, அங்கே ஒரு கோடு போடுவேன். கம்ப்யூட்டர் கோளாறுக்கும் அதே முறைதான். வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன், முன்பு லீவில் வந்தபோது திண்ணையில் உட்கார்ந்து எனக்கு நாலு கேள்வி சொல்லிக் கொடுத்தான். வீடு இருக்கிறதா? வழி இருக்கிறதா? ஆளை அடையாளம் தெரிகிறதா? உள்ளே விட அனுமதி இருக்கிறதா? இதே வரிசையில் கேட்க வேண்டும், ஒன்றைத் தாண்டி ஒன்றுக்குப் போகக்கூடாது என்றான். அன்றைக்கு அதைத்தான் செய்தோம்.

முதல் கேள்வி, வீடு. மெயின் கம்ப்யூட்டர் தாளாளர் அறையில் இருக்கிறது. அதன் முன்னால் போய் உட்கார்ந்து, டி டிரைவைத் திறந்து, அந்த ஃபோல்டரைப் பார்க்கச் சொன்னேன். வருடம் வருடமாக அத்தனையும் இருந்தது. ஒன்றும் போகவில்லை. இதைப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அதுவரை ஒருவரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. எல்லோரும் அந்தப் பெண்ணின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வராந்தா அம்மாவுக்கு வேண்டிய பக்கத்தை அந்த இடத்திலேயே எடுத்துப் பிரிண்ட் போட்டாயிற்று. பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி எல்லாம் பச்சை மையில் பளிச்சென்று இருந்தது. தலைமையாசிரியர் சரிபார்த்து ரெக்கார்டு ஷீட் எழுதக் கொடுத்துவிட்டார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வழி அடைத்திருந்தாலும், வீட்டுக்கே நேரில் போய் அவசரத்துக்கு வேண்டியதை எடுத்துவிடலாம். வழியைச் சரிசெய்வது அதற்கு அப்புறம்.

இரண்டாவது கேள்வி, வழி. அந்தப் பெண்ணின் கம்ப்யூட்டரில் கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கறுப்பு ஜன்னலைத் திறந்து, நெட் யூஸ் என்று இரண்டு வார்த்தை ஆங்கிலத்தில் அடித்தோம். எந்த எழுத்து எந்த விலாசத்தைக் காட்டுகிறது, இணைப்பு இருக்கிறதா இல்லையா என்று ஒரு பட்டியல் வரும். எங்கள் பட்டியலில் இசட்டுக்கு நேரே மெயின் கம்ப்யூட்டரின் பெயருக்குப் பதிலாக எண் இருந்தது. 192.168.1 என்று ஆரம்பிக்கும் ஐபி முகவரி. பிறகு மெயின் கம்ப்யூட்டரில் ஐபிகான்ஃபிக் என்று அடித்துப் பார்த்தால், அதன் இன்றைய எண் 192.168.0 என்று ஆரம்பிக்கிறது. அந்தத் தெருவிலேயே அது இப்போது இல்லை!

"சனிக்கிழமை இங்கே வேறு யாராவது வந்தார்களா?" என்று கேட்டேன். அப்போதுதான் வாட்ச்மேன் சொன்னார், நெட் கனெக்‌ஷன்காரர்கள் வந்து பழைய ரௌட்டரைக் கழற்றிப் புது ரௌட்டர் மாட்டிவிட்டுப் போனார்கள் என்று. கம்ப்யூட்டர்களுக்கு எண் கொடுப்பதே ரௌட்டர்தான். புது ரௌட்டர் தன் வழக்கப்படி புது எண்களைக் கொடுத்துவிட்டது. இசட் டிரைவோ பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அதோடு முடியவில்லை. புது ரௌட்டர் வந்ததும் விண்டோஸ் அதை முன்பின் பார்க்காத நெட்வொர்க் என்று நினைத்துக்கொள்ளும். நெட்வொர்க்குக்கு இரண்டு வகை வைத்திருக்கிறார்கள், பப்ளிக், பிரைவேட். பப்ளிக் என்றால் பஸ் ஸ்டாண்டு மாதிரி. அங்கே யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று தெரியாது. அதனால் கம்ப்யூட்டர் தன் கதவுகளைச் சாத்திக்கொள்ளும். பக்கத்துக் கம்ப்யூட்டருக்குக் கண்ணில் படாது, ஷேர் செய்த ஃபோல்டரையும் காட்டாது. பிரைவேட் என்றால் சொந்த வீட்டு வாசல். மெயின் கம்ப்யூட்டர் புது ரௌட்டரைப் பப்ளிக் என்று குறித்து வைத்திருந்தது. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, பிரைவேட் என்று மாற்றினோம். சொந்த ஆபீஸில் மட்டும் இதைச் செய்யுங்கள். ஹோட்டலிலும் ரயில் நிலையத்திலும் பப்ளிக் என்றே இருக்கட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிங் என்று ஒரு சோதனை உண்டு. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றை "இருக்கிறாயா?" என்று கூப்பிட்டுப் பார்ப்பது. பதில் வந்தால் ஆள் இருக்கிறது என்பது நிச்சயம். பதில் வரவில்லை என்பதால் ஆள் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் பிங்குக்கும் பதில் சொல்லாது. எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வருகிறது, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வரவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் இடத்தில் கோளாறு என்று அர்த்தம்.

பிறகு பழைய மேப்பிங்கை டிஸ்கனெக்ட் செய்தோம். அந்தப் பெண் மவுஸைத் தொடவே பயந்தாள். "அழிஞ்சிருமுங்களா?" விலாசம் எழுதிய சீட்டைக் கிழித்தால் வீடு இடியுமா கண்ணு என்றேன். டிஸ்கனெக்ட் என்பது அந்தச் சுருக்கப் பெயரை மட்டும்தான் எடுக்கும். மெயின் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலையும் தொடாது. இந்தத் தடவை எண்ணுக்குப் பதிலாக மெயின் கம்ப்யூட்டரின் பெயரை வைத்து மேப்பிங் செய்தோம். எண் நாளைக்கு மாறலாம்; பெயர் நாமாக மாற்றினால்தான் மாறும்.

மூன்றாவது கேள்வி, அடையாளம். புதிதாக மேப்பிங் செய்ததும் யூசர் நேமும் பாஸ்வேர்டும் கேட்டது. பழையதைக் கம்ப்யூட்டர் ஞாபகம் வைத்திருந்தது உண்மைதான். ஆனால் அந்த எண் விலாசத்தின் பெயரில் வைத்திருந்தது. இப்போது விலாசம் வேறு, அதனால் மறுபடி கேட்கிறது. தாளாளர் தினமும் காலையில் போடும் நாலு இலக்கப் பின் நம்பரைச் சொன்னார். ஏற்கவில்லை. இன்னொரு முறை, ஏற்கவில்லை. அந்தப் பின் நம்பர் அந்த ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவருக்கு மட்டும்தான் செல்லும். நெட்வொர்க் வழியாக வருகிறவருக்கு முழு பாஸ்வேர்டு வேண்டும். நல்லவேளையாக அவர் பழைய டைரியில் அது எழுதியிருந்தது. கொடுத்தவுடன் சிவப்புக் குறி போய் இசட் டிரைவ் திறந்தது. மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் மூன்று கம்ப்யூட்டரும் சரியாகிவிட்டன.

நாலாவது கேள்வி, அனுமதி. அன்றைக்கு அது தேவைப்படவில்லை. உங்கள் ஆபீஸில் தேவைப்படலாம் என்பதால் சொல்கிறேன். வீடு இருக்கிறது, வழி இருக்கிறது, ஆளையும் தெரிகிறது, ஆனாலும் "ஆக்சஸ் டினைடு" என்று வருகிறதா? உங்களை உள்ளே விட அனுமதி கொடுக்கவில்லை என்று பொருள். ஷேர் செய்யும் இடத்தில் ஓர் அனுமதி, ஃபோல்டரின் செக்யூரிட்டி பக்கத்தில் இன்னோர் அனுமதி. இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும். திறக்க முடிகிறது, சேமிக்க முடியவில்லை என்றாலும் இங்கேதான் பார்க்க வேண்டும்.

திரையில் வரும் எர்ரர் எண்ணைப் பார்த்தவுடன் மூடிவிடாதீர்கள். அது திட்டு அல்ல, துப்பு. நான் நோட்டில் எழுதி வைத்திருப்பதைத் தருகிறேன். 53 என்றால் அந்த விலாசத்துக்கு வழியே கிடைக்கவில்லை. 86 என்றால் பாஸ்வேர்டு தப்பு. 5 என்றால் அனுமதி இல்லை. 85 என்றால் அந்த எழுத்தை ஏற்கெனவே வேறு எதற்கோ வைத்திருக்கிறீர்கள். 1219 என்றால் அதே மெயின் கம்ப்யூட்டருக்குள் நீங்கள் ஒரு பெயரில் ஏற்கெனவே போயிருக்கிறீர்கள். இன்னொரு பெயரில் இரண்டாவதாகப் போக விண்டோஸ் விடாது. முதல் இணைப்பை எடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும்.

பயப்படவே வேண்டாத சிவப்புக் குறிகளும் உண்டு. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் "எல்லா நெட்வொர்க் டிரைவையும் இணைக்க முடியவில்லை" என்று மூலையில் வரும். வைஃபை வருவதற்கு முன்பே விண்டோஸ் போய்க் கதவைத் தட்டியிருக்கும், அவ்வளவுதான். ஒரு நிமிடம் பொறுத்து இசட்டை இருமுறை சொடுக்கினால் திறக்கும். அதேபோல, 15 நிமிடம் யாரும் தொடாமல் இருந்தால் மெயின் கம்ப்யூட்டர் தானாகவே அந்த இணைப்பை விட்டுவிடும். அதன் வழக்கமே அது. அப்போதும் குறி வரலாம்; சொடுக்கினால் திறந்துவிடும். திறந்துவிட்டால் அதை மறந்துவிட்டு வேலையைப் பாருங்கள். மெயின் கம்ப்யூட்டர் தூக்கத்துக்குப் போய்விட்டால் மட்டும் யாராவது போய் எழுப்ப வேண்டும். அதன் ஸ்லீப் செட்டிங்கை எடுத்துவிடுவது நல்லது.

கணக்கு மென்பொருளை "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" என்று திறந்தால் அதற்குள் இசட் டிரைவே தெரியவில்லை என்று ஒருவன் கேட்டிருந்தான். அதுவும் கோளாறு இல்லை தம்பி. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கும்போது விண்டோஸ் உன்னை வேறு ஆளாகப் பார்க்கிறது. நீ வைத்த சுருக்கப் பெயர் அந்த ஆளுக்குத் தெரியாது. சாதாரணமாகத் திற, அல்லது முழு விலாசத்தைக் கொடு.

பழைய ஸ்டோரேஜ் பெட்டி வைத்திருக்கும் ஆபீஸில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினால் அது மட்டும் இணையாமல் போகலாம். அதற்கும் காரணம் இருக்கிறது. கம்ப்யூட்டர்கள் ஃபைல் பரிமாறிக்கொள்ள எஸ்.எம்.பி. என்று ஒரு பேச்சுமொழி வைத்திருக்கின்றன. அதன் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவி, இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரிகளைக்கூட முடக்கியது. அந்த வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது அந்த முதல் பதிப்பைச் சேர்ப்பதில்லை. பழைய பெட்டிக்கோ அது ஒன்றுதான் தெரியும். இதற்கு அந்தப் பழைய மொழியைத் திரும்ப ஆன் செய்யாதீர்கள். பெட்டியின் மென்பொருளைப் புதுப்பியுங்கள், முடியாவிட்டால் பெட்டியை மாற்றுங்கள்.

இனி, உண்மையாகவே பயப்பட வேண்டிய விஷயங்கள் இரண்டு.

ஒன்று. உங்கள் சொந்த டிரைவில் ஒரு ஃபைலை அழித்தால் அது ரீசைக்கிள் பின் என்ற குப்பைத் தொட்டிக்குப் போகும், திரும்ப எடுக்கலாம். இசட் டிரைவில் இருப்பதை உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தால் அது உங்கள் தொட்டிக்கு வராது. நேராகப் போய்விடும். விண்டோஸ் "நிரந்தரமாக அழிக்கவா?" என்று ஒரு தடவை கேட்கும். அந்தக் கேள்வியை முழுதாகப் படித்த பிறகுதான் எஸ் கொடுக்க வேண்டும். அந்தப் பெண் அன்று அழித்த ஃபைல்கள் எல்லாம் அவளுடைய தொட்டியிலேயே கிடந்தன. அவள் இசட் டிரைவைத் தொடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி ஆகிவிட்டது.

இரண்டு. இசட் டிரைவ் வரவில்லை என்றதும் ஆளுக்கு ஒரு பழைய காப்பியை எடுத்து டெஸ்க்டாப்பில் வைத்து வேலையைத் தொடருகிறீர்கள் பாருங்கள், அது. ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இரண்டு நாள் அப்படி ஓட்டியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் டிரைவ் வந்தது. இப்போது ஒரே கணக்குக்கு மூன்று ஃபைல், மூன்றிலும் வேறு வேறு தொகை. எது சரி என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனதாம். கோளாறு இரண்டு நாள், வைத்தியம் ஒரு வாரம். டிரைவ் வராத நேரத்தில் அவசரமாக எழுதியே ஆக வேண்டும் என்றால் ஒரே ஒருவர், ஒரே ஒரு ஃபைலில் எழுதுங்கள். ஃபைல் பெயரில் தேதியைப் போடுங்கள்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நாலு கம்ப்யூட்டரில் தெரிகிறது என்பதால் நாலு காப்பி இருக்கிறது என்று நினைக்காதீர்கள். இருப்பது ஒன்றுதான், நாலு ஜன்னல் வழியாகத் தெரிகிறது. மெயின் கம்ப்யூட்டரின் டிஸ்க் கெட்டால் நாலு ஜன்னலும் ஒரே நேரத்தில் இருட்டாகிவிடும். அந்தப் பள்ளியில் செல்லரித்த பதிவேட்டுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரே ஒரு டிஸ்க்தான். அதை எடுத்துச் சொன்னேன். ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி முழுவதையும் காப்பி எடுத்து, அதைப் பள்ளிக்கு வெளியே வேறு கட்டடத்து பீரோவில் வைத்திருக்கிறார்கள். உங்கள் ஆபீஸில் இருக்கிறதா என்று நாளைக்கே விசாரியுங்கள்.

இப்போது பொறுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களில் சிலர் இன்று மேனேஜர், சிலர் தலைமையாசிரியர், சிலர் சொந்தமாகக் கம்பெனி வைத்திருக்கிறீர்கள். ஒரு கோளாறு வந்ததும் "யார் பண்ணினது?" என்று கேட்பது சுலபம். கேட்டவுடன் ஒரு பெயரும் கிடைத்துவிடும். பெரும்பாலும் அது அந்த அறையில் குறைந்த சம்பளம் வாங்குகிறவரின் பெயராகத்தான் இருக்கும். ரௌட்டர் மாற்றியவர் அங்கே இல்லை. மாற்றச் சொன்னவரைக் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. மிஞ்சுவது கடைசியாக நாற்காலியில் உட்கார்ந்தவர். அந்தக் கேள்வியால் யாருக்கும் வழி திறக்காது. பயந்துபோன பிள்ளை எதைச் செய்தேன் என்று சொல்லாமல் மறைக்கத்தான் பார்க்கும். "எதுவரைக்கும் வேலை செய்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பயந்து நிற்கிறவரே கூட நின்று தேட ஆரம்பித்துவிடுவார். கோளாறும் சீக்கிரம் அகப்படும்.

நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. நாலு பேர் உன்னையே பார்க்கிறார்கள் என்பதற்காகச் செய்யாததை ஒப்புக்கொள்ளாதே. பதறிப்போய் எதையும் அழிக்காதே, ஃபார்மேட் செய்யாதே. எழுந்து போய் மெயின் கம்ப்யூட்டரில் ஃபைல் இருக்கிறதா என்று முதலில் பார். இருந்தால் அதை எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல். மிச்சத்தை நிதானமாகப் பார்க்கலாம்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். கொடுக்காமல் விடுவேனா? நாளைக்கு ஆபீஸ் போனதும் ஒரு வெள்ளைத் தாள் எடுங்கள். மெயின் கம்ப்யூட்டரின் பெயர், ஷேர் செய்த ஃபோல்டரின் பெயர், எந்த எழுத்தில் மேப் செய்திருக்கிறது, எந்த யூசர் நேமில் போக வேண்டும், ரௌட்டரை மாற்றினால் யாருக்குச் சொல்ல வேண்டும். இவ்வளவையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பாஸ்வேர்டை மட்டும் சுவரில் எழுத வேண்டாம். அது பொறுப்பானவர் டைரியில் இருக்கட்டும். அடியில் அந்த நாலு கேள்வியையும் வரிசையாக எழுதுங்கள். வீடு, வழி, ஆள், அனுமதி. நீங்கள் லீவு போட்ட நாளில் உங்களுக்குப் பதிலாக உட்காரும் பிள்ளை அதைப் பார்த்துத் தப்பித்துக்கொள்ளும்.

இதில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் கீழே எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள், எல்லோருக்கும் பயன்படும். வீட்டில் பெரியவர்களைக் கேட்டதாகச் சொல்லுங்கள். வெயில் நேரம், தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்